இடுப்பில் கட்டிய கயிறு

போன ஞாயிற்றுக்கிழமை நான் செத்துப்போயிருக்க வேண்டியவன். போகவில்லை.

இதைப் படிக்கிற நாலு பேருக்காவது வருத்தமாக இருக்கும். என்ன செய்வது... எல்லோரையும் திருப்திப்படுத்த முடியுமா?

கடலில் இல்லை. கடல் என்னை என்ன செய்துவிடும்? பன்னிரண்டு வயதில் வள்ளத்தில் ஏறியவன் நான். மூன்றாம் வகுப்பில் பள்ளிக்கூடம் என்னை விட்டது, கடல் பிடித்துக்கொண்டது. முத்துக் குளித்தேன். முத்து நின்றுபோனதும் சங்கு குளித்தேன். இன்றைக்குச் சொந்தத் தோணி ஓடுகிறது. அதெல்லாம் உங்களுக்குத் தெரியும். வாரா வாரம் நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேனே!

என்னைக் கொல்லப் பார்த்தது ஆறு. நம்முடைய தாமிரவருணி. துணி துவைக்கிற, மாடு கழுவுகிற, மினிபஸ் டிரைவர்கூட இறங்கி முகம் கழுவிவிட்டுப் போகிற அதே தாமிரவருணி.

காரணம்? பத்திரிகையில் வாரா வாரம் நான் எழுதுகிற இந்தப் பத்திதான்.

நாலு மாசத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதியிருந்தது ஞாபகம் இருக்கிறதா? 'பத்துப் பாகம் ஆழத்தில் கண்ணைத் திறந்து பார்த்தவனுக்கு, அதற்கு மேலே இருக்கிற எந்தத் தண்ணீரும் ஒரு தண்ணீரா?' என்று. பாகம் என்றால் இரண்டு கையையும் விரித்த நீளம். பத்து ஆள் கையை விரித்து நின்றால் எவ்வளவோ அவ்வளவு ஆழம். எழுதும்போது எனக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அந்தப் பத்திரிகையைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி ஒருவர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். புது ஹார்பர் வேலைக்கு வந்திருக்கிற இளம் எஞ்சினியர். கோயம்புத்தூர்ப் பக்கம். கல்யாணம் ஆகவில்லை. வெளிநாட்டில் இரண்டு வருஷம் படித்தவர். படித்ததோடு திரும்பியிருக்கலாம், ஒரு ரப்பர் படகையும் மடித்துக் கொண்டுவந்திருக்கிறார்.

"அண்ணா, உங்க கட்டுரையைப் படிச்சேனுங்க. இந்த ஊர்ல எனக்கு ஏத்த ஆள் நீங்கதானுங்க" என்றார்.

ஏத்த ஆள்! இந்த வார்த்தையைச் சொன்னால் நான் எதற்கும் போவேன் என்று அவருக்கு யார் சொன்னார்களோ...

விஷயம் இதுதான். அந்த நாட்டில் இதை ஒரு விளையாட்டாக வைத்திருக்கிறார்களாம். மழைக்காலத்தில் மலையாறு பொங்கி வரும்போது, ரப்பர் படகில் உட்கார்ந்து, தண்ணீரோடு பாறைமேல் விழுந்து, அடுத்த பாறைமேல் விழுந்து, கடைசியில் உயிர் இருந்தால் கை தட்டிக்கொள்வார்களாம். நாம் எதற்கெல்லாம் தப்பிக்கப் பார்க்கிறோமோ அதற்கெல்லாம் அவர்கள் டிக்கெட் எடுக்கிறார்கள். படித்த ஜனங்கள். நமக்கு என்ன தெரியும்?

"கார்த்திகை மழையில ஆறு நல்லா வருதுங்க. மலைக்குப் பக்கத்துல ஒரு இடம் பார்த்து வச்சிருக்கேன். ரெண்டு ஆள் உயரத்துக்கு ஒரு சரிவு இருக்குங்க... அருமையா விழுது. ஞாயித்துக்கிழமை போலாமுங்களா?"

எழுதியது என் கை. 'எந்தத் தண்ணீரும் ஒரு தண்ணீரா?' என்று கேட்டது என் வாய். பத்திரிகை அவர் கையில். நான் என்ன சொல்ல முடியும்?

"ஆத்துத் தண்ணியா? வாரேன் சார். எனக்கு அது குளிக்கிற தொட்டி மாதிரி" என்றேன்.

அவர் போனதும் உள்ளேயிருந்து ரோசம்மா வந்தாள். என் மனைவி. எட்டாம் வகுப்பு வரை படித்தவள். அந்த ஐந்து வகுப்பு வித்தியாசத்தை முப்பது வருஷமாக என்மேல் வைத்து அழுத்துகிறவள்.

"ஆத்துக்குப் போங்க, ஆகாசத்துக்குப் போங்க. எனக்கு ஒண்ணும் இல்ல. ஆனா கயிறு என் தம்பி பிடிக்காம நீங்க தண்ணியில இறங்கக் கூடாது. இறங்குனீங்க... நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்."

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டும். சொல்ல இஷ்டமில்லை. இருந்தாலும்...

முத்துக் குளிக்கிறவன் இடுப்பில் ஒரு கயிறு இருக்கும். மறுமுனை மேலே வள்ளத்தில் ஓர் ஆள் கையில் இருக்கும். கீழே மூச்சு முட்டினால் கயிற்றை ஒரு சுண்டு சுண்டுவோம். மேலே இருப்பவன் அந்த நிமிஷமே இழுக்க வேண்டும். யோசித்து இழுத்தால் பிணம்தான் வரும். அதனால் அந்தக் கயிற்றை எவன் கையிலும் கொடுக்க மாட்டோம். பெண்டாட்டியின் கூடப்பிறந்தவன்தான் பிடிப்பான். தன் அக்காள் தாலி தன் கையில் இருக்கிறது என்று தெரிந்தவன் தூங்குவானா? கயிறு பிடிக்க வா என்று கூப்பிட்டால் மச்சினன் மாட்டேன் என்று சொல்லக் கூடாது. சண்டையாக இருந்தாலும் சரி. அது எங்கள் பக்கத்து வழக்கம்.

என் கயிற்றைப் பிடித்தவன் சூசை. ரோசம்மாவின் தம்பி. நான் தோணி வாங்கிக் கடலுக்குள் இறங்குவதை விட்டதும் அவன் ஹார்பரில் சரக்கு இறக்குகிற இடத்தில் கயிறு போடுகிற வேலைக்குப் போய்விட்டான். நல்லவன். கொஞ்சம் ரோஷக்காரன். கொஞ்சம் என்றால், ஒரு தோணி நிறைய.

நாங்கள் இருவரும் பேசி மூன்று மாசம் ஆகிறது. அதற்கும் காரணம் — சொல்லவா வேண்டும் — இந்தப் பத்திதான்.

சூசைக்கு எழுத்து தெரியாது. முத்துக்குட்டியின் சலூனில் வாரா வாரம் உட்கார்ந்து, முத்துக்குட்டி வாசிக்க என் பத்தியைக் கேட்பான். நான் முத்துக் குளித்த கதை. நான் சுறாவைப் பார்த்த கதை. நான் யாருடைய உதவியும் இல்லாமல் தானாக வளர்ந்த கதை. வாசித்து முடிந்ததும் ஒரே ஒரு கேள்வி கேட்பானாம்.

"நம்ம பேரு வருதா?"

"இந்த வாரம் வரல அண்ணாச்சி" என்பானாம் முத்துக்குட்டி.

இப்படிப் பதினொரு வாரம். பன்னிரண்டாவது வாரம் சலூனுக்கு வரவில்லை. என் வீட்டுக்கும் வரவில்லை.

சின்ன விஷயம், தானாகச் சரியாகிவிடும் என்று விட்டுவிட்டேன். ஆனால் தை மாதம் என் மகள் ஜெசிந்தாவுக்குக் கல்யாணம். தாய்மாமன் கையால் மாலை வாங்கிப் போடாமல் எங்கள் வீடுகளில் பெண் மாதா கோயிலுக்குப் புறப்படாது. பங்குச் சாமியார் இல்லாமல்கூட ஒரு மணி நேரம் தாமதிக்கலாம். தாய்மாமன் இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது.

"மாமா வரலன்னா எனக்குக் கல்யாணமே வேண்டாம்பா" என்று சொல்லிவிட்டாள் ஜெசிந்தா. அவள் அம்மாவைப் போலச் சத்தம் போட்டுச் சொல்லவில்லை. மெதுவாகச் சொன்னாள். அதுதான் பயம்.

ஆக, ரோசம்மா கயிறு பிடிக்கத் தம்பியைக் கூப்பிடச் சொன்னது என் உயிர்மேல் உள்ள ஆசையினால் என்று நான் தப்பாக நினைக்கவில்லை.

ஆள் அனுப்பினோம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, எஞ்சினியர் ஜீப் வந்து நின்றபோது, சூசை முன்சீட்டில் உட்கார்ந்திருந்தான். மடியில் கயிற்றுச் சுருணை. எங்கள் பழைய கயிறு.

வந்துவிட்டான். ஆனால் பேசவில்லை. நம் ஊரை அடுத்த புதுக்கோட்டை தாண்டியும் பேசவில்லை. பாளையங்கோட்டை தாண்டியும் பேசவில்லை. அம்பாசமுத்திரத்தில் காபி குடிக்க இறங்கியபோதுதான் வாயைத் திறந்தான். என்னிடம் இல்லை. எஞ்சினியரிடம்.

"சார், அவருகிட்ட சொல்லுங்க. வயிறு முட்டத் தின்னுட்டுத் தண்ணியில இறங்கக் கூடாது. ரெண்டு வடை போதும்."

எஞ்சினியர் என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த மூன்றாவது வடையைப் பார்த்தேன்.

"சார், நீங்க அவன்கிட்ட சொல்லுங்க. நான் பத்துப் பாகம் முங்குனவன். எனக்கு வடைக் கணக்கு சொல்ல வேண்டாம்."

"சார், அவருகிட்ட சொல்லுங்க. பத்துப் பாகம் முங்குனது எனக்கும் தெரியும். மேல நின்னது நான்தான்."

"ஏனுங்க... நான் நடுவுல இருக்கணுமுங்களா?" என்றார் எஞ்சினியர்.

போன இடத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன். யாரிடமும் அனுமதி வாங்காமல் போனோம். சொன்னால் நாளைக்குக் காக்கிச் சட்டை வரும். மலை அடிவாரம், இரண்டு பக்கமும் காடு, நடுவே ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆற்றைப் பார்த்ததும் எனக்கு ஒரு சந்தேகம் வந்தது. இது நம் ஆறுதானா? கலங்கல் தண்ணீர், மரக்கிளை, நுரை... ஆயிரம் லாரி ஒரே நேரத்தில் கல் கொட்டுவதுபோல ஒரு சத்தம். ஆனால் முகத்தில் காட்டிக்கொள்ளவில்லை. தொட்டி என்று சொல்லியாகிவிட்டதே!

எஞ்சினியர் காலால் மிதித்துக் காற்றடித்தார். தரையில் தோசை மாதிரிக் கிடந்தது ஊதிப் பெருத்துப் படகாகிவிட்டது. எனக்கு ஓர் ஆரஞ்சு நிறச் சட்டையை மாட்டி, தலையில் ஒரு சட்டியைக் கவிழ்த்தார். ஹெல்மெட்டாம். நல்லவேளை, ஊரில் யாரும் பார்க்கவில்லை. சூசை பார்த்தான். சிரிக்காமல் இருக்க அவன் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது.

கிளம்பினோம். சூசை கரையோடு நடந்து வந்தான்.

முதல் திருப்பத்திலேயே ஓர் அலை. ஆள் உயரம். வாயைப் பிளந்துகொண்டு நிற்கிறது. நாற்பது வருஷக் கடல் அனுபவம் சும்மாவா? எனக்கு உடனே தெரிந்துவிட்டது. கடலில் வள்ளம் தள்ளும்போது மூன்று பெரிய அலை வரும். அது போனதும் கொஞ்சம் அமைதி. அந்த நேரம் பார்த்துத் தள்ள வேண்டும். இது தெரியாத படித்த மனிதர் நேராக அலைக்குள் போகிறாரே!

"சார்! துடுப்பை நிறுத்துங்க! இந்த அலை போகட்டும்! போன பொறவு போவோம்!"

"அண்ணா, அது போகாதுங்க!"

"போகும் சார்! எல்லா அலையும் போகும்!"

"இது ஆறுங்க! கீழ பாறை இருக்கு. அதனால அலை அங்கயேதான் நிக்கும். நாமதான் போகணும்!"

போனோம். அலை எங்கேயும் போகவில்லை. என் மூக்குக்குள்ளும் வாய்க்குள்ளும் கொஞ்சம் போனதைத் தவிர. வெளியே வந்து திரும்பிப் பார்க்கிறேன்... அதே இடத்தில், அதே உயரத்தில், வாயைப் பிளந்தபடி நிற்கிறது! கல்லால் செய்து வைத்த மாதிரி. இப்படி ஓர் அலையை நான் பார்த்ததில்லை. வேண்டுமானால் ஒன்று பார்த்திருக்கிறேன். அது அப்போது கரையில் கயிற்றைத் தோளில் போட்டு நடந்து வந்துகொண்டிருந்தது.

இன்னும் மூன்று, நான்கு இடங்கள். ஓர் இடத்தில் படகு பம்பரம் சுற்றியது. ஓர் இடத்தில் எஞ்சினியர் மேலே இருந்தார், நான் கீழே இருந்தேன். அடுத்த இடத்தில் நான் மேலே. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பயமாக இருந்தது. அதோடு, கொஞ்சம் நன்றாகவும் இருந்தது. டிக்கெட் எடுக்கிறவர்கள் முழுப் பைத்தியம் இல்லை.

அந்தப் பெரிய சரிவுக்கு முன்னால் படகைக் கரையில் ஒதுக்கினார். இரண்டு பெரிய பாறைக்கு நடுவில் ஆறு ஒடுங்கி, அப்படியே கவிழ்ந்து விழுகிறது. கீழே என்ன இருக்கிறது என்று தெரியவில்லை, வெறும் புகைதான்.

"சூசை அண்ணா, நீங்க சரிவுக்குக் கீழ போய் நில்லுங்க. நாங்க யாராவது தண்ணியில விழுந்தா மட்டும் கயித்தை எறியுங்க. யாரும் கயித்தை உடம்புல கட்டக் கூடாதுங்க. முக்கியமுங்க அது" என்று சொல்லிவிட்டு, வழியைப் பார்த்துவர எஞ்சினியர் பாறைமேல் ஏறிப் போனார்.

கயிறு கட்டாமல் தண்ணீரில் இறங்குவதா? எவனாவது இறங்குவானா? வெளிநாட்டில் இறங்குவார்கள். அவர்களுக்கு மச்சினன் கிடையாது போல.

ஆரஞ்சுச் சட்டையைத் தூக்கிக்கொண்டு சூசை முன்னால் போய் நின்றேன். அவன் கயிற்று முனையை எடுத்தான். என் இடுப்பைச் சுற்றினான். முடிச்சுப் போட்டான். அதே முடிச்சு. போட்டதும் கட்டைவிரலால் ஒரு தடவை அமுக்கிப் பார்ப்பான், அதே அமுக்கு. வயிறு மட்டும்தான் பழைய வயிறு இல்லை. கயிறு ஒரு முழம் அதிகம் செலவானது.

சட்டையை இறக்கிவிட்டேன். எஞ்சினியர் திரும்பி வந்தபோது எங்கள் முகங்களைப் பார்த்திருந்தால் இரண்டு சாமியார்கள் என்று நினைத்திருப்பார்.

சூசை கீழே போகவில்லை. கீழே போய் என்ன செய்ய? குளிக்கிறவனுக்கு மேலேதானே நிற்க வேண்டும்! சரிவுக்கு மேலே, கரைப் பாறையில் காலை முட்டுக்கொடுத்து நின்றுகொண்டான்.

படகைத் தள்ளினோம். ஆறு பிடித்துக்கொண்டது. அந்த வேகத்தை என்னவென்று சொல்ல? பாறைகள் இரண்டும் எங்களை நோக்கி ஓடி வந்தன. எஞ்சினியர் "துடுப்பு போடுங்கண்ணா! போடுங்க!" என்று கத்தினார். போட்டேன். சரிவின் விளிம்பு தெரிந்தது. படகின் மூக்கு ஆகாசத்தில் நீட்டியது. நான் மாதாவைக் கூப்பிட்டேன்.

மாதா வருவதற்குள் சூசை வந்துவிட்டான்.

கயிறு இறுகியது. அவ்வளவுதான். பழைய ஆள், கையில் ஒரு சுண்டு தெரிந்தால் யோசிக்க மாட்டான். இழுத்தான் பாருங்கள் ஓர் இழுப்பு! உட்கார்ந்த இடத்திலிருந்து நான் பின்னால் பறந்தேன். தூண்டிலில் மாட்டிய பாரை மீன் எப்படி வரும்? அப்படி.

படகு எஞ்சினியரோடு அழகாக விழுந்தது. கீழே இருந்து அவர் "ஊ... ஊ..." என்று கூவுவது கேட்டது. சந்தோஷக் கூவல். பாவம், திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்.

நான்? விளிம்புக்கு ஒரு கை தூரத்தில், நடு ஆற்றில், ஒரு பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தேன். கல்யாணமான புதிதில் ரோசம்மாவைக்கூட அப்படிப் பிடித்ததில்லை. நெஞ்சு வரை தண்ணீர். காலைக் கீழே இழுக்கிறது. கரைக்கு முப்பது அடி. கரையில் சூசை, பாறையில் காலை ஊன்றி, கயிற்றைத் தோளைச் சுற்றிப் போட்டு, பின்னால் சாய்ந்து நிற்கிறான்.

"ஏலே! இழுலே!" என்று கத்தினேன். மூன்று மாசத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை.

"எதுக்கு?" என்றான். மூன்று மாசத்தில் அவன் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"எதுக்கா? சாகப் போறேம்லே!"

"அத்தான் தானா வளந்த ஆளுல்லா... தானா ஏறி வாங்க."

"சூசை, விளையாடாத! தண்ணி நெஞ்சு வரைக்கும் வந்துட்டு!"

"பத்துப் பாகம் பாத்தவுகளுக்கு நெஞ்சுத் தண்ணி ஒரு தண்ணியா அத்தான்? நீங்கதான எழுதியிருந்தீங்க? முத்துக்குட்டி வாசிச்சான்."

நான் எழுதியதை இவ்வளவு நன்றாக மனப்பாடம் செய்த வாசகன் வேறு யாரும் இருக்க முடியாது. ஆனால் அதைப் பாராட்டுகிற நிலைமையில் அப்போது நான் இல்லை.

"என்னலே வேணும் உனக்கு?"

"எனக்கு ஒண்ணும் வேண்டாம். ஒரு கேள்விதான். பதினாறு வருசம் மேல நின்னு இந்தக் கயித்தைப் பிடிச்சது யாரு?"

"நீதாம்லே!"

"ஆத்துச் சத்தத்துல கேக்கல."

"நீதான்! நீதான்!"

"அத எழுதுவீங்களா?"

"எழுதுதேன்! கொட்டை எழுத்துல எழுதுதேன்! இழுலே!"

"பாறைய விட்டுராதீங்க. நான் சொன்ன பொறவுதான் விடணும். இன்னும் ஒண்ணு கேக்க வேண்டியிருக்கு... ஜெசிந்தா கல்யாணத்துக்கு என்னைய யாரு கூப்புட்டா?"

"கார்டு அனுப்புனேனே!"

"போஸ்ட்மேன் கொண்டாந்து தந்தான். தாய்மாமனுக்குத் தபால்ல கார்டு போடுத வழக்கம் எந்த ஊருல அத்தான்? போஸ்ட்மேன்தான் என்னையக் கூப்புட்டான். அவன் கையால மாலை வாங்கிப் போட்டுக்கிடச் சொல்லுங்க."

உண்மையில் அந்தக் கார்டில் விலாசம் எழுதும்போதே எனக்குக் கை கூசியது. நேரில் போனால் அவன் கேட்பான், நான் பதில் சொல்ல வேண்டி வரும் என்றுதான் தபாலில் போட்டேன். பத்துப் பாகம் முங்கத் தைரியம் உள்ளவனுக்கு, இரண்டு தெரு தள்ளி ஒரு வீட்டுக்குப் போகத் தைரியம் இல்லை.

"வாரேம்லே... நேர்ல வாரேன். உங்க அக்காவையும் பிள்ளையையும் கூட்டிட்டு வாரேன்" என்றேன். இதை நான் கத்தவில்லை. எப்படியோ அவனுக்குக் கேட்டது.

அந்த நேரம் எஞ்சினியர் சொட்டச் சொட்ட மேலே ஓடி வந்தார். கயிற்றைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், நெற்றியில் அடித்துக்கொண்டார். சூசைக்குப் பின்னால் போய்க் கயிற்றைப் பிடித்தார்.

"இப்ப விடுங்க அத்தான்!"

விட்டேன். ஆறு ஒரு பக்கம் இழுத்தது, இரண்டு பேரும் ஒரு பக்கம் இழுத்தார்கள். ஆறு தோற்றது.

கரையில் கிடந்து தண்ணீரைக் கக்கி முடித்ததும் எனக்கு ஆத்திரம் வந்தது. உயிர் வந்தால் கூடவே அதுவும் வரும்தானே!

"நான் சுண்டவே இல்லையேலே! எதுக்கு இழுத்த?"

"இழுப்பு வந்துச்சு, இழுத்தேன். அது உங்க இழுப்பா, ஆத்து இழுப்பான்னு கயித்துக்குத் தெரியுமா?" என்றான்.

எஞ்சினியர் முறைத்தார். "அதுக்குத்தானுங்க கட்டவே கூடாதுன்னு சொன்னேன். ரெண்டு பேரும் எத்தனை வருசமுங்க தண்ணியில இருக்கீங்க?" இரண்டு பேருடைய வருஷத்தையும் கூட்டிச் சொன்னால் இன்னும் அசிங்கமாக இருக்கும்.

சூசை குனிந்து என் இடுப்பு முடிச்சை அவிழ்த்தான். அப்போதுதான் பார்த்தேன். இரண்டு உள்ளங்கையிலும் தோல் இல்லை. கயிறு சிவந்திருந்தது. தோளிலும் சட்டை கிழிந்து கயிற்றுத் தடம்.

என்னை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போய் எஞ்சினியர் மெதுவாகச் சொன்னார். "அண்ணா, அந்தத் தண்ணி வேகத்துல உங்களை ஒரு ஆளா இழுக்க முடியாதுங்க. பிடிச்சு நிறுத்தத்தான் முடியும். நான் மேல வர்ற வரைக்கும் நிறுத்தியிருக்காரு. என்னால முடியலைன்னு அவர் சொல்லியிருந்தா நீங்க என்ன பண்ணியிருப்பீங்க?"

என்ன பண்ணியிருப்பேன்? பயந்து பாறையை விட்டிருப்பேன். கீழே இருக்கிறவனுக்கு மேலே உள்ள கஷ்டத்தைக் காட்டக் கூடாது என்பது கயிறு பிடிக்கிறவனுடைய முதல் பாடம். என்னைப் பேச வைத்து, கோபப்படுத்தி, பாறையோடு சேர்த்து வைத்திருந்தான். ஆனால் கேட்ட கேள்விகள் பொய்க் கேள்விகள் இல்லை. அதுவும் எனக்குத் தெரியும்.

அவனிடம் போய்க் கேட்டேன், "முடியலன்னு சொல்லியிருக்கலாமுல்லாலே?"

"யாருக்கு முடியல?" என்றான். திரும்பும்போதும் முன்சீட்டில்தான் உட்கார்ந்தான். கையில் என் தலைத்துண்டைக் கிழித்துச் சுற்றியிருந்தது.

ஆகவே வாசகர்களே, நான் அந்தச் சரிவில் இறங்கவில்லை. இறங்கினேன் என்று ஊரில் யாராவது சொன்னால், அநேகமாக நான்தான் சொல்லியிருப்பேன், நம்பாதீர்கள்.

மறுநாள் சாயங்காலம் நான், ரோசம்மா, ஜெசிந்தா மூன்று பேரும் இரண்டு தெரு தள்ளிப் போனோம். தட்டில் வெற்றிலை பாக்கு, பழம், கார்டு. அன்றைக்கு ஆற்றில் அந்த நிற்கிற அலைக்குள் போனேனே, அதைவிட இந்த இரண்டு தெரு நீளம். அவன் பெண்டாட்டி நாற்காலி போட்டாள். அவன் கட்டுப்போட்ட கையால் தட்டை வாங்கினான். மருமகள் ஜெசிந்தாவின் தலையில் புறங்கையை வைத்தான். என்னைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டான்.

"எழுதியாச்சா?"

"இன்னும் இல்ல. இந்த வாரம்..."

"முத்துக்குட்டி வாசிக்கட்டும். பொறவு சொல்லுதேன்."

எனக்கு வேறு வழி இல்லை. ஆகையால், இனி வருகிறதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். முத்துக்குட்டி, நீ கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டுச் சத்தமாக வாசி.

இந்தப் பக்கத்தில் நான் எடுத்ததாக எழுதிய ஒவ்வொரு சிப்பியையும், ஒவ்வொரு சங்கையும் எடுத்தபோது என் கயிறு சூசையின் கையில் இருந்தது. பதினாறு வருஷம். ஒரு நாள்கூட நான் இரண்டாவது முறை சுண்ட வேண்டி வந்ததில்லை. தானாக வளர்ந்தவன் என்று நான் எழுதியது பொய். கீழே போனது மட்டும்தான் நானாகப் போனது. மேலே வந்ததெல்லாம் சூசை இழுத்து வந்தது.

முத்துக்குட்டி, இந்த இடத்தை இன்னொரு தடவை வாசி. ஆற்றுச் சத்தத்தில் சிலருக்குக் கேட்டிருக்காது.

கோபத்தில் இருக்கிற சொந்தக்காரர்களைப் பற்றி எனக்கு இப்போது ஒன்று தெரியும். நான் கடல் அலை என்று நினைத்துப் போகட்டும் போகட்டும் என்று கரையில் உட்கார்ந்திருந்தேன். அது ஆற்று அலை. நாமாகப் போகிற வரைக்கும் அங்கேயேதான் நிற்கும்.

போதுமா சூசை? தை மாதம் கல்யாணத்தன்று காலை ஏழு மணிக்கு வந்துவிடு. கை ஆறியிருக்கும்.

ஆனால் ஒன்று. உலகத்தில் எத்தனையோ பேர் இருக்க, அந்தக் கயிற்றைச் சரியான ஆள் கையில் கொடுத்த மூளை யாருடையது? அதில் யாருடைய உதவியும் இல்லை. அது முழுக்க முழுக்க என்னுடைய...

பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்த ரோசம்மா கேட்கிறாள்: "அவனைக் கூப்புடச் சொன்னது யாரு?"

சரி. அதுவும் நான் இல்லை.